டெலிவரி ஆகிடுச்சு... பணம் ஏன் வரலை? ஆன்லைன் விற்பனையாளர்களைச் சுற்றவிடும் ‘பேமென்ட் ஹோல்டு’

பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டது. ‘டெலிவர்டு’ என்று பச்சை நிறத்தில் காட்டுகிறது. வாங்கியவர் ஐந்து ஸ்டாரும் கொடுத்துவிட்டார். ஆனால், விற்றவர் தன்னுடைய செல்லர் ஆப்பைத் திறந்தால் தொகைக்குப் பக்கத்தில் ‘ஆன் ஹோல்டு’ என்று இரண்டே வார்த்தைகள். ஏன் என்று கேட்டால் சாட்பாட் ஒரு பதில் சொல்கிறது. மறுநாள் கேட்டாலும் அதே பதில்தான்.

பூந்தமல்லி - ஆவடி சாலையில் இருக்கும் பாரிவாக்கம் போன்ற புறநகர்கள் ஆன்லைன் வியாபாரத்துக்குத் தோதான இடங்கள். ஒரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. இன்னொரு பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலையில் திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர் என்று வரிசையாகக் கிடங்குகள். வீட்டின் முன்னறையில் நாலு ரேக், ஒரு லேபிள் பிரிண்டர், கொஞ்சம் டேப் ரோல் இருந்தால் கடை ரெடி. ஷட்டர் வேண்டாம், கடை அட்வான்ஸ் வேண்டாம். ஒரே ஒரு வித்தியாசம்தான். தெருக்கடையில் விற்றால் கல்லாவில் உடனே விழும் காசு, இங்கே விழ இரண்டு வாரம் ஆகலாம். சில நேரம் இரண்டு, மூன்று மாதமும் ஆகலாம்.

இந்தத் தாமதத்தில் எது வழக்கமானது, எது பிரச்சினை, எதைக் கேட்க விற்பனையாளருக்கு உரிமை இருக்கிறது?

எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள்?

புதிதாக விற்க வருகிறவர்கள் பலரும் ஏமாறும் இடம் இது. ‘ஏழு நாளில் பேமென்ட்’ என்று படித்ததும் ஆர்டர் வந்த நாளிலிருந்து ஏழு நாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான தளங்களில் கணக்கு தொடங்குவது ஆர்டர் தேதியில் அல்ல, டெலிவரி ஆன தேதியில். சில பொருள்களுக்கு ரிட்டர்ன் காலம் முடிந்த தேதியில்.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பாரிவாக்கத்திலிருந்து ஒருவர் எவர்சில்வர் லஞ்ச் பாக்ஸ் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1ஆம் தேதி லக்னோவிலிருந்து ஆர்டர். 2ஆம் தேதி பிக்கப். 6ஆம் தேதி டெலிவரி. ஏழு நாள் ரிட்டர்ன் காலம் 13ஆம் தேதி முடிகிறது. அடுத்த செட்டில்மென்ட் சுற்று 17ஆம் தேதி. ஆக 16 நாள். இதில் யாரும் தப்பு செய்யவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே 16 நாள்.

பெட்டியின் கொள்முதல் விலை 300 ரூபாய், தினமும் பத்து ஆர்டர் என்றால், எந்த நாளில் பார்த்தாலும் 160 பெட்டிக்கான காசு, அதாவது 48,000 ரூபாய் வெளியில் நிற்கும். சவுகார்பேட்டை மொத்த வியாபாரி 15 நாள் கடன் கொடுத்திருந்தால் ஒரு நாள்தான் இடிக்கிறது, எப்படியாவது சமாளிக்கலாம். இதன்மேல் இரண்டு வாரம் ஹோல்டு விழுந்தால் வெளியில் நிற்கும் தொகை 90,000 ஆகிவிடும். வியாபாரம் நன்றாகப் போகிறது, கையில் காசு இல்லை என்கிற விசித்திரமான நிலை இப்படித்தான் வருகிறது. ஆர்டர் கூடக்கூட நெருக்கடியும் கூடும்.

எதற்கெல்லாம் ஹோல்டு போடுகிறார்கள்?

புதிய விற்பனையாளர் என்பதே ஒரு காரணம். காசை வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் முதல் சில வாரங்களுக்குத் தளங்கள் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கின்றன. திடீரென்று விற்பனை பலமடங்கு ஏறினாலும் இது நடக்கும்.

அடுத்தது ஆவணங்கள் ஒத்துப்போகாதது. புறநகர்களில் இது கொஞ்சம் அதிகம். பாரிவாக்கத்தையே எடுத்துக்கொண்டால், மாவட்டம் திருவள்ளூர், பேச்சுவழக்கில் சென்னை. ஊர் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்துக்குப் பிறகு ஒரு ‘ஏ’யா, இரண்டு ‘ஏ’யா என்பதிலேயே ஆளுக்கொரு கட்சி. ஜிஎஸ்டி சான்றிதழில் ஒரு மாதிரி, வங்கிப் பாஸ்புக்கில் இன்னொரு மாதிரி, பான் கார்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று புரியும். சரிபார்க்கும் மென்பொருளுக்குப் புரிய வேண்டுமே?

மூன்றாவது, புகார்கள். ‘போலிப் பொருள்’ என்று ஒரு வாடிக்கையாளரோ, டிரேட்மார்க் உரிமையாளரோ எழுதிவிட்டால் அந்தப் பொருளின் பட்டியல் மட்டுமல்ல, கணக்கே முடங்கலாம். அப்படி முடங்கினால் பாக்கித் தொகையை 90 நாள் வரை வைத்திருக்க இடம் தரும் ஒப்பந்தங்கள் உண்டு. அந்த ஒப்பந்தத்தை ‘ஐ அக்ரி’ அழுத்திய நாளில் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

நான்காவது காரணம்தான் அதிகம் எரிச்சலூட்டுவது: டெலிவரி.

ஆர்டிஓ என்றால் லைசென்ஸ் ஆபீஸ் இல்லை

ஆன்லைன் வியாபாரத்தில் ஆர்டிஓ என்பது ‘ரிட்டர்ன் டு ஆரிஜின்’. வாங்கியவர் கைக்குப் போகாமலேயே கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் பார்சல். ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’, ‘முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை’, ‘வாங்க மறுத்துவிட்டார்’ என்று மூன்றில் ஒரு காரணம் போட்டிருக்கும். உண்மையில் டெலிவரி ஊழியர் அந்தத் தெருவுக்குப் போனாரா என்பது விற்றவருக்குத் தெரியாது. ஒரு நாளைக்குத் தாங்க முடியாத எண்ணிக்கையில் பார்சல் சுமக்கும் அந்த ஊழியர் மீது மட்டும் பழியைப் போடுவதும் நியாயம் இல்லை. புதிது புதிதாக நகர்கள் முளைக்கும் பகுதிகளில் ‘அம்மன் கோயில் எதிரில், இரண்டாவது குறுக்குத் தெரு’ என்கிற முகவரியோடு அவரும்தான் அல்லாடுகிறார். அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்ட ‘டிஜிபின்’, நாட்டையே சுமார் நான்கு மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து-எண் குறியீடு தருகிறது. அது வாசல் வரை வழக்கத்துக்கு வந்தால் இந்தத் தலைவலி குறையும்.

கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டிஓ இன்னும் மோசம். காசு கொடுக்காமல் ஆர்டர் போட்டவருக்கு மனம் மாறுவதில் நஷ்டம் எதுவும் இல்லை. சொந்த இணையதளம், இன்ஸ்டாகிராம் பக்கம் வழியாக விற்றுக் கூரியரில் அனுப்புபவர்கள் போக ஒரு கட்டணம், வர ஒரு கட்டணம் கட்ட வேண்டும். ஒரு பார்சலில் லாபம் 80 ரூபாய், போக வர 130 ரூபாய் என்று வைத்தால், பத்தில் இரண்டு திரும்பினாலே எட்டுப் பார்சலில் வந்த 640 ரூபாய் லாபத்தில் 260 போய்விடும். திரும்பி வந்த பெட்டி நசுங்கியிருந்தால் அது தனிக் கணக்கு.

எடைத் தகராறு என்று இன்னொன்று. கூரியர் நிறுவனங்கள் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து வரும் கிலோவையும் பார்க்கின்றன. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். 700 கிராம் உள்ள பிளாஸ்டிக் பூந்தொட்டியை 30, 25, 20 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டியில் வைத்தால் அது மூன்று கிலோ பார்சல். பெட்டியின் அளவை அவர்கள் கிடங்கில் ஸ்கேனர் அளக்கும். கொஞ்சம் உப்பியிருந்தால் அதற்கும் கூடுதல். அந்தக் கூடுதல் பணம் அடுத்த செட்டில்மென்டில் சொல்லாமல் கழிக்கப்பட்டிருக்கும். வந்த தொகையை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை டவுன்லோடு செய்யாதவர்களுக்கு இது கடைசிவரை தெரியவே தெரியாது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் நின்றது நினைவிருக்கும். அந்த மாதிரி நாள்களில் பிக்கப் வண்டி வராது, அனுப்பிய பார்சலும் நடுவழியில் நிற்கும். பணம் எண்ணத் தொடங்கும் கடிகாரமும் அங்கேயே நிற்கும். மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய கடனின் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

டெலிவரி யார் பொறுப்பு? விதி சொல்வது என்ன?

இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. வெளிநாட்டு முதலீடு உள்ள மார்க்கெட்பிளேஸ் நிறுவனங்களுக்காக மத்திய அரசு 2018 டிசம்பர் 26-ல் வெளியிட்ட ‘பிரஸ் நோட் 2’, 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி தளம் என்பது வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைக்கும் சந்தை மட்டுமே. சரக்கு அதற்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. விற்பனைக்குப் பிறகு பொருளைக் கொண்டுசேர்ப்பதும், வாடிக்கையாளரின் திருப்தியும், வாரன்டியும் விற்பனையாளரின் பொறுப்பு.

அதே கொள்கை, கிடங்கு, லாஜிஸ்டிக்ஸ், கால் சென்டர், பணம் வசூல் ஆகிய சேவைகளைத் தளம் விற்பனையாளருக்கு வழங்கலாம் என்றும் அனுமதிக்கிறது. நடைமுறையில் பல தளங்களில் சின்ன விற்பனையாளர் தனக்குப் பிடித்த கூரியரைத் தேர்ந்தெடுக்க முடிவதில்லை. தளம் அனுப்பும் ஆள்தான் எடுப்பார், தளத்தின் வண்டியில்தான் போகும். ஆக, டெலிவரி பொறுப்பு விற்பவருக்கு, டெலிவரி கட்டுப்பாடு தளத்துக்கு. பணம் எப்போது வரும் என்பதோ டெலிவரியைப் பொறுத்தது. தன் கையில் இல்லாத ஒரு வேலை முடியும் தேதிக்காகத்தான் விற்பவர் காத்திருக்கிறார்.

வாங்குபவருக்குச் சட்டம் காலக்கெடு வைத்திருக்கிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பவரின் ‘என் பணம் எங்கே’ என்ற கேள்விக்கு இந்த விதிகளில் இப்படி ஒரு கெடு இல்லை.

பணம் எங்கே இருக்கிறது?

இதில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17-ல் ‘பேமென்ட் அக்ரிகேட்டர்’ நிறுவனங்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. மார்க்கெட்பிளேஸ் நிறுவனம் பணம் வசூலிக்கும் தொழிலையும் செய்ய விரும்பினால் அதைத் தனியாகப் பிரித்து அனுமதி வாங்க வேண்டும் என்றது. வாடிக்கையாளர் கட்டிய பணம் வங்கியில் ஒரு எஸ்க்ரோ கணக்கில் இருக்க வேண்டும்; நிறுவனம் தன் செலவுக்கு அதில் கைவைக்க முடியாது. 2025 செப்டம்பரில் வந்த புதிய தொகுப்பு ஆணையிலும் எஸ்க்ரோ தொடர்கிறது.

எப்போது கொடுக்க வேண்டும்? 2020 வழிகாட்டுதல் மூன்று வழிகளைச் சொன்னது. டெலிவரி பொறுப்பு அக்ரிகேட்டருடையது என்றால் பொருள் அனுப்பப்பட்டதாகத் தகவல் வந்த மறுநாள். டெலிவரி பொறுப்பு விற்பவருடையது என்றால் டெலிவரி உறுதியான மறுநாள். மூன்றாவது வழிதான் நிறையப் பேரைப் பிடிக்கிறது: ரீஃபண்ட் காலம் முடியும்வரை பணத்தை வைத்திருக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அந்தக் காலம் முடிந்த மறுநாள். அதாவது கடைசிச் சொல் ஒப்பந்தத்தின் சொல். கேஷ் ஆன் டெலிவரி முறைக்கு இந்த வழிகாட்டுதல் பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. வாசலில் ரொக்கமாக வாங்கிய காசு கூரியர் வழியாகச் சுற்றி வருவதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

எஸ்க்ரோ இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா சாட்சி. 2024 ஜூலையில் அங்கே டிமோன், வீமேக்பிரைஸ் என்ற இரண்டு பெரிய தளங்கள் விற்பனையாளர்களுக்குப் பணம் கொடுக்க முடியாமல் கைவிரித்தன. சுமார் 48,000 விற்பனையாளர்களுக்கு ஏறக்குறைய 1.3 லட்சம் கோடி வோன் பாக்கி. நம் மதிப்பில் 7,500 கோடி ரூபாய்க்கு மேல். விற்ற பொருளுக்குப் பணம் வர இரண்டு மாதம் வரை ஆகும் என்பது அங்கே சகஜமாக இருந்தது. அந்த இடைவெளியில் விற்பனையாளர்களின் பணம் வேறு செலவுக்குத் திருப்பிவிடப்பட்டதாகப் புகார் எழுந்தது. இரண்டு தளங்களும் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட க்யூடென் குழுமத்தைச் சேர்ந்தவை. இந்தியாவின் ஷாப்க்ளூஸை 2019-ல் வாங்கியதும் இதே குழுமம்தான். சிங்கப்பூரிலும் விற்பனையாளர்களுக்குப் பணம் தாமதமானதால், 2024 செப்டம்பரில் க்யூடெனின் பேமென்ட் சேவையை நிறுத்திவைக்கும்படி அந்நாட்டு நாணய ஆணையம் உத்தரவிட்டது. நவம்பரில் நிறுவனத்தையே கலைக்க நீதிமன்றம் ஆணையிட்டது. அக்டோபரில் கொரிய அரசு முன்வைத்த திருத்தம் என்ன தெரியுமா? வாங்கியது உறுதியான 20 நாளுக்குள் பணத்தைக் கொடு, விற்பனைத் தொகையில் பாதியைத் தனிக் கணக்கில் வை.

‘45 நாள் சட்டம்’ உதவாதா?

சிறு, குறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006 சட்டம் சொல்கிறதே என்று பலரும் கேட்பார்கள். சொல்கிறது. தாமதித்தால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. ஆனால், அது ‘வாங்குபவர்’ மீது பாயும் சட்டம். மார்க்கெட்பிளேஸில் வாங்குபவர் லக்னோ வாடிக்கையாளர். அவர் காசைக் கட்டிவிட்டார். தளம் நடுவில் நிற்பது மட்டும்தான். எனவே இந்தச் சட்டம் இங்கே சுலபமாகப் பொருந்தாது. தளத்தின் மொத்த விற்பனை நிறுவனம் உங்களிடம் நேரடியாகச் சரக்கு வாங்கிப் பணம் தராமல் இருந்தால் கதை வேறு. அப்போதும் நீங்கள் உற்பத்தி செய்பவரா, வாங்கி விற்பவரா என்பது முக்கியம். 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளையும் எம்எஸ்எம்இ பட்டியலில் சேர்த்தபோது, முன்னுரிமைக் கடனுக்காக மட்டும் என்றே சேர்த்தார்கள்.

பிடித்த எல்லாப் பணமும் போன பணம் இல்லை

செட்டில்மென்ட் அறிக்கையில் கழிவதைப் பார்த்து எல்லாமே கமிஷன் என்று நினைக்கக் கூடாது. ஜிஎஸ்டியில் டிசிஎஸ் என்று 0.5 சதவீதம் பிடிக்கிறார்கள். 2024 ஜூலை 10 வரை இது ஒரு சதவீதம். வருமான வரியில் டிடிஎஸ் 0.1 சதவீதம், 2024 அக்டோபருக்கு முன்பு இதுவும் ஒரு சதவீதம். பான் அல்லது ஆதார் கொடுத்த தனிநபருக்கு அந்தத் தளத்தில் ஆண்டு விற்பனை ஐந்து லட்சத்தைத் தாண்டாவிட்டால் இந்த டிடிஎஸ் கிடையாது. பிடித்த டிசிஎஸ்ஸை ஜிஎஸ்டி போர்ட்டலில் போய் ‘ஏற்கிறேன்’ என்று பதிவு செய்தால் உங்கள் ரொக்கக் கணக்குப் பதிவேட்டில் வந்து விழும். போகாதவர்களுக்கு அது அங்கேயே தூங்கும். லட்சத்துக்கு 500 ரூபாய்தானே என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

என்ன செய்யலாம்?

ஹோல்டு விழுந்ததும் கஸ்டமர் கேரைத் திரும்பத் திரும்ப அழைப்பது எளிது, பயன் குறைவு. எந்த ஆர்டர்கள், எவ்வளவு தொகை, எந்தத் தேதியிலிருந்து, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி என்று நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு டிக்கெட் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது பின்னால் கைகொடுக்கும். பேக் செய்வதையும், திரும்பி வந்த பார்சலைப் பிரிப்பதையும் லேபிள் தெரியும்படி ஒரே ஷாட்டில் வீடியோ எடுப்பவர்களுக்கே ‘உள்ளே வேறு பொருள் இருந்தது’ தகராறில் கொஞ்சமாவது பிடி இருக்கிறது. க்ளெய்ம் போடுவதற்குத் தளங்கள் வைத்திருக்கும் கெடு சில நாள்கள்தான். ஆர்டிஓ பார்சல்களை மூலையில் குவித்துவைத்து ஞாயிற்றுக்கிழமை பிரிக்கலாம் என்றால் அந்தக் கெடு தாண்டியிருக்கும்.

பதில் வராவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ், அதற்கப்புறம் ஒப்பந்தத்தில் உள்ள நடுவர் தீர்ப்பாயம். பல ஒப்பந்தங்களில் வழக்கு நடக்கும் ஊர் பெங்களூரு மாதிரி வேறு ஊராக இருக்கும். 40,000 ரூபாய்க்கு யார் பெங்களூருக்கு அலைவது என்று விட்டுவிடுவதுதான் சகஜம். ஆனால், நடுவரைத் தளமே தன்னிஷ்டத்துக்கு நியமிக்கும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒரு தரப்பு மட்டுமே தனியாக நடுவரை நியமிப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 8-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

வெளியே பார்த்தால், ஜெர்மனியின் போட்டி ஆணையம் 2019 ஜூலையில் அமேசானுடன் பேசி, விற்பனையாளர் ஒப்பந்தத்தை மாற்றவைத்தது. சாதாரணமாகக் கணக்கை மூட 30 நாள் முன்னறிவிப்பு. உடனே முடக்கினால் காரணம் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலையிலிருந்து இதைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்திவிட்டது: காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், விதிகளை மாற்றினால் 15 நாள் முன்பே சொல்ல வேண்டும், பெரிய தளங்கள் விற்பவர்களின் புகார்களுக்கென்று தனி ஏற்பாடு வைக்க வேண்டும். இந்தியாவில் 2020 மின்வணிக விதிகள், விற்பவர்களுக்குள் யாருக்காவது தனிச் சலுகை தந்தால் அதை நிபந்தனைகளில் விவரிக்கும்படி கேட்பதோடு நிற்கின்றன. முடக்கியதற்குக் காரணம் சொல், பணத்துக்குத் தேதி சொல் என்று கேட்கும் வரி ஒன்று அதில் இல்லை.

தீபாவளி சேல் நெருங்கும்போது தளங்களிலிருந்து ‘ஸ்டாக்கை ஏற்றுங்கள்’ என்று நோட்டிபிகேஷன் வந்துகொண்டே இருக்கும். சேலில் விற்ற பொருள் டெலிவரியாகி, ரிட்டர்ன் காலம் முடிந்து, பணம் வங்கிக்கு வரும்போது பண்டிகையே முடிந்திருக்கலாம். மொத்த வியாபாரி பழைய பாக்கியைக் கேட்பது பண்டிகைக்கு முன்பு. அதனால்தான் அனுபவப்பட்ட சிலர், ஹோல்டு விழுந்தாலும் ஒரு மாதம் தாங்கும் அளவுக்கு மட்டும் ஸ்டாக் எண்ணிக்கையைப் போட்டுவிட்டு, தீர்ந்ததும் ‘அவுட் ஆஃப் ஸ்டாக்’ என்று காட்ட விட்டுவிடுகிறார்கள்.